காற்று யாருடைய கணக்கில் ஏறியது?

தமிழ்நாட்டில் 1990களில் காற்றாலை வாங்கிய நூற்பாலை முதலாளிகள் பூமி சூடாகிறதே என்று கவலைப்பட்டு வாங்கவில்லை. முதல் வருடத்திலேயே மெஷினின் முழு விலையையும் வரிக்குரிய லாபத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. மாதாமாதம் வரும் கரண்ட் பில்லோ பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவாக உட்கார்ந்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் காத்தாடிகளை நட வைத்தன.

வளரும் நாடுகளில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைத் தொழிலுக்கும் ஊர்களுக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற பேச்சு வந்தால், மெஷின் விலை, அரசின் இலக்கு, வெளிநாட்டுக் கடன் என்றுதான் அது போகும். தமிழ்நாட்டின் நாற்பது வருட அனுபவத்தைப் பார்த்தால், தீர்மானித்த விஷயம் வேறாக இருக்கிறது. உற்பத்தியான யூனிட் யாருடைய பில்லில், எந்த மாதத்தில், என்ன விலைக்கு வரவு வைக்கப்பட்டது? அந்த வரவுப் பக்கத்தில் இடம் பிடித்த மில்கள் வளர்ந்தன. ஒரே ஓர் ஊராட்சி அங்கே இடம் பிடித்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. காத்தாடிக்கு அடியில் இருந்த ஊர்களுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

மலை விட்ட வழி

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறிக்கிறது. ஆனால் சில இடங்களில் வழி விடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அடிக்கிறது. செங்கோட்டைக் கணவாய் தென்காசிக்கும் கயத்தாறுக்கும் காற்று கொடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயால் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம். கம்பம் பக்கத்தால் தேனி, ஆண்டிபட்டி. காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அதனால் கணவாயின் வாயில் இருக்கும் ஊருக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கும் பெரிய வித்தியாசம்.

இந்தக் காற்றுக்கு ஒரு சீசன் உண்டு. மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பரில், சில வருடம் அக்டோபரில் ஓய்ந்துவிடும். வருட உற்பத்தியில் எழுபது சதவீதத்துக்கு மேல் இந்த மாதங்களிலேயே வந்துவிடுகிறது. பின்னால் வரும் சண்டைகளுக்கெல்லாம் மூலம் இதுதான். மில் பன்னிரண்டு மாதமும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது, காற்று அப்படி ஓடுவதில்லை.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அப்போது குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் இதே முயற்சி நடந்தது. டென்மார்க் அரசின் உதவியும் தொழில்நுட்பமும் அந்தக் காலத்தில் பெரிய பங்கு வகித்தன. கயத்தாறில் இன்றும் இயங்கும் காற்றாலைச் சோதனை நிலையத்துக்குப் பின்னாலும் அந்த உதவி உண்டு. மாதிரிகள் ஓடிக் காட்டின. அதற்கு மேல் பெருகுவதற்குப் பணம் வேண்டும், மின்வாரியத்திடம் அது இல்லை, மில்களிடம் இருந்தது.

மில் கணக்கு

இந்தியாவின் நூற்புத் திறனில் கிட்டத்தட்ட பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் என்று மில்கள் பரந்து கிடக்கின்றன. இவற்றில் பல, குடும்பங்கள் நடத்தும் நடுத்தர மில்கள். இவர்களுக்குக் கிடைத்த ஏற்பாட்டில் இரண்டு பகுதி.

முதலாவது வீலிங். முப்பந்தலில் உற்பத்தி செய்து வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிடலாம், ராஜபாளையத்து மில்லின் பில்லில் அந்த யூனிட்டைக் கழித்துக்கொள்ளலாம். கம்பி வாடகைக்கு ஒரு சிறு சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது பேங்கிங். ஆடியில் வந்த யூனிட் அந்த மாதம் முழுக்கத் தேவைப்படவில்லை என்றால் வாரியத்தின் கணக்கில் நிற்கும்; தை மாசியில் எடுத்துக்கொள்ளலாம். அறுவடை நெல்லை ரைஸ்மில்லில் போட்டுவைத்து வேண்டும்போது அரிசியாக வாங்குகிற மாதிரி. இதற்கு நீண்ட காலம் 5 சதவீத யூனிட்தான் பிடித்தம். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. மார்ச் முடிவில் மிஞ்சியதை வாரியம் கொள்முதல் விலையில் 75 சதவீதத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

இதன் மதிப்பு ஒரு சின்னப் பெருக்கலில் தெரிந்துவிடும். 250 கிலோவாட் பழைய மெஷின் ஒன்று நல்ல இடத்தில் வருடத்துக்கு 5 லட்சம் யூனிட் கொடுக்கிறது என்று வையுங்கள். பழைய ஒப்பந்தப்படி வாரியத்துக்கு 2.75 ரூபாய்க்கு விற்றால் 13.75 லட்சம் ரூபாய். உயர் அழுத்தத் தொழில் இணைப்புக்கு 2014 கடைசியில் யூனிட் 6.35 ரூபாய் ஆனது. அதே 5 லட்சம் யூனிட்டைச் சொந்த பில்லில் கழித்தால் 31.75 லட்சம் மிச்சம். பிடித்தங்களைக் கழித்தாலும் விற்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெஷின் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். எந்தத் தலைப்பில் வரவு வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான உற்பத்திக்குக் கதவை நன்றாகவே திறந்துவிட்டது. வாரியத்தை விட்டு வெளியே வாங்குகிறவர்களிடம், மற்றவர்களின் மலிவு மின்சாரத்தை ஈடுகட்ட வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் சொந்த உபயோகத்துக்குக் கிடையாது. 2005-இல் வந்த விதிகள், 26 சதவீதப் பங்கு வைத்துக்கொண்டு 51 சதவீத மின்சாரத்தையும் தாங்களே பயன்படுத்தினால் பலர் சேர்ந்து ஒரு நிலையத்தை வைத்துக்கொள்ளலாம் என்றன. 2002 வாக்கில் ஆயிரம் மெகாவாட்டைத் தொடாதிருந்த தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 2012 மார்ச்சில் ஏழாயிரத்தை நெருங்கிவிட்டது. இதில் பெரும் முதலீடு தனியாருடையது. அரசு பட்ஜெட்டில் இத்தனை மெகாவாட் வந்திருக்காது என்பதை, மில்காரர்களைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரிச் சலுகைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருந்தது. மெஷினை நட்டாலே வரி மிச்சம், அது சுற்றுகிறதா என்பது அடுத்த கவலை. 1990களில் காற்று சரியில்லாத இடத்தில், நெருக்கியடித்து, அவசர அவசரமாக மார்ச் மாதத்துக்குள் நட்ட மெஷின்கள் உண்டு. சலுகைகளால் வரியே கட்டாத கம்பெனிகளும் ஓரளவு கட்டியாக வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி 1996-இல் வந்ததும் சந்தை படுத்தது. பிறகு எழுந்து ஓடியது. இடையில் 80 சதவீதமாகக் குறைந்திருந்த தேய்மானச் சலுகை 2012 ஏப்ரலில் நின்றபோது மறுபடி படுத்தது. 2014-இல் சலுகை திரும்பி வந்து, 2017-இல் 40 சதவீதமாகச் சுருங்கியது. யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று 2009 கடைசியில் வந்த திட்டம், உற்பத்தியான யூனிட்டுக்குப் பணம் என்பதால், என் பார்வையில் மேலான யோசனை. அதுதான் முதலிலேயே வந்திருக்க வேண்டியது.

இருட்டு வருடங்கள்

2008 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உயர் அழுத்த இணைப்புகளுக்குச் சதவீதக் கணக்கில் வெட்டு, மாலை உச்ச நேரத்தில் தனிக் கட்டுப்பாடு. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. டீசலில் ஓட்டினால் யூனிட் விலை இரண்டு மடங்குக்கு மேல். காற்றாலை வைத்திருந்த மில் சமாளித்தது. இல்லாத மில் ஷிப்டைக் குறைத்தது, சில மூடியே போயின. சுருக்கமாகச் சொன்னால், காற்றாலை அந்த வருடங்களில் மில்லுக்கு உயிர்க் காப்பீடாக இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே வருடங்களில் காற்று சீசனில் மின்சாரத்தை எடுத்துச் செல்ல முடியாமல் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னார்கள். வருடத்தில் ஏழு மாதம் பற்றாக்குறை, சீசனில் நள்ளிரவில் உபரி. தெற்கு மாவட்டங்களில் உற்பத்தி; அதைக் கோவைக்கும் சென்னைக்கும் கொண்டுபோகும் 400 கிலோவோல்ட் பாதைகள் மெஷின்களுக்குப் பின்னால் நத்தை வேகத்தில் வந்தன. மெஷின் நட ஆறு மாதம் போதும். உயரழுத்தப் பாதைக்கு நிலம், கோபுரம், வழக்கு என்று பல வருடம் ஆகும். வெளி மாநிலத்துக்கு விற்கலாம் என்றால் அதற்கும் வழி குறுகல். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வரும்வரை தென்னிந்திய மின்தொகுப்பு, அதாவது மின்பாதைகளெல்லாம் சேர்ந்த வலை, நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணையவே இல்லை. (2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்ததற்கும் அந்தத் தனிமைதான் காரணம்.) கயத்தாறு, தேனி அருகே தப்பகுண்டு, உடுமலை பக்கம் ஆனைக்கடவு ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வந்த பிறகு நிலைமை மெதுவாக மாறியது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்று மின்சாரத்தைத் தொகுப்பு ஏற்றுக்கொண்டது. பத்து வருடம் முன்பு அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

இதிலே ஊர்களின் நிலை? பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காத்தாடிகளின் மின்சாரம் தனிப் பாதையில் துணை மின்நிலையத்துக்குப் போகும். ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் பாதையான பீடர் வேறு. வெட்டு நேரத்தில் அந்த பீடரை அணைத்துவிடுவார்கள். தலைக்கு மேலே இறக்கை சுற்றும், வீட்டில் விசிறி சுற்றாது. நிலத்தை விற்றவருக்கு ஒருமுறை பணம், சிலருக்கு வாட்ச்மேன் வேலை, ஐ.டி.ஐ. படித்த பையன்களுக்குப் பராமரிப்பு வேலை, மண்பாதை கொஞ்சம் சாலையானது. உற்பத்தியாகும் யூனிட்டில் ஊருக்கு இவ்வளவு என்று வீலிங் ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. ஊர்க்காரர்கள் காத்தாடியை எதிர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன்; பெரும்பாலும் அது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத பொருளாகவே நின்றது.

ஓடந்துறை செய்தது

மேட்டுப்பாளையத்தை ஒட்டி, ஊட்டிக்கு ஏறும் பக்கம் இருக்கும் ஊராட்சி ஓடந்துறை. 1996 முதல் பத்து வருடம் ஆர். சண்முகம் அங்கே தலைவராக இருந்தார், அடுத்து அவர் மனைவி லிங்கம்மாள். குடிநீர்த் திட்டங்கள் பெருகப் பெருக, ஊராட்சியின் கரண்ட் பில்லும் ஏறியது. முதலில் மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டும் சிறு இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள், சில இடங்களில் சூரிய ஒளித் தெருவிளக்கு. அப்புறம்தான் பெரிய முடிவு. 2006-இல், உடுமலை அருகே மைவாடியில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன்.

மெஷின் ஓடந்துறையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடந்துறையில் அந்தக் காற்று கிடையாது. மைவாடிக்கும் அதற்கும் நடுவே நூறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். காற்றில் தன்னிறைவு பெற்ற கிராமம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் காத்தாடியின் மின்சாரம் ஊர்த் தெருவிளக்கில் எரிந்தது என்று படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். நடந்தது கணக்கு வரவு. சொல்லப்போனால் மில்காரர் நுழைந்த அதே கதவு வழியாகத்தான் ஊராட்சியும் நுழைந்தது: காற்று உள்ள இடத்தில் நிலம், வங்கிக் கடன், வாரியத்தோடு ஒப்பந்தம்.

செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் இவை: வருட உற்பத்தி 6.75 லட்சம் யூனிட், ஊரின் தேவை 4.5 லட்சம், மீதி 2.25 லட்சத்தை வாரியத்துக்கு விற்று வருடத்துக்கு 19 லட்சம் ரூபாய் வருமானம். இது பொருந்தவில்லை. 2006 மே மாதத்துக்குப் பிந்தைய புதிய காற்றாலைக்கு வாரியத்தின் கொள்முதல் விலை யூனிட் 2.90 ரூபாய். 2.25 லட்சம் யூனிட்டுக்கு ஆறரை லட்சம்தான் வரும். 6.75 லட்சம் யூனிட் முழுவதையும் விற்றால் 19.57 லட்சம். ஆக 19 லட்சம் என்பது மொத்த உற்பத்தியின் விலை. ஊரின் பில்லை அதிலிருந்துதான் கட்ட வேண்டும். இதைச் சொல்வது ஓடந்துறையைக் குறைப்பதற்காக இல்லை. மற்ற ஊராட்சிகள் இதைப் பார்த்துக் கடன் வாங்கப் போனால் எந்த எண்ணை நம்பிப் போகும் என்பதுதான் என் கவலை. 350 கிலோவாட் மெஷின் வருடம் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 30 லட்சத்துக்குச் சற்று மேல் யூனிட் வரும். 6.75 லட்சம் அதில் 22 சதவீதம். உடுமலைக் காற்றுக்கு இது நியாயமான எண். உற்பத்திக் கணக்கில் மிகை இல்லை, வருமானக் கதையில்தான் குழப்பம்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சிகள் இருக்கின்றன. ஓடந்துறையைப் பார்க்கப் பலர் வந்துபோனார்கள், ஆனால் அது ஓர் அலையாக எழவில்லை. காரணங்கள் எளிது. 40 லட்சம் சேமிப்பு வைத்திருக்கும் ஊராட்சிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சொந்த வரி வருவாய் இல்லாமல் மானியத்தில் நடக்கும் ஊராட்சிக்கு எந்த வங்கி மேலாளர் கோடிக்கடன் கொடுப்பார்? தலைவரின் தனிப்பட்ட பிடிவாதமும் வேண்டும், அதைத் தாங்கும் பதவித் தொடர்ச்சியும் வேண்டும். 2016 கடைசியிலிருந்து 2019 கடைசி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருபது வருட முதலீட்டை யார் தொடங்குவது? ஊருக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அரசு எடுத்த வழி வேறு. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டின் கூரையில் சூரியத் தகடு, உள்ளே ஐந்து விளக்கு. அது ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. ஊராட்சியின் பம்புசெட் பில்லை அது தொடவில்லை.

வாரியத்தின் நியாயம்

மில்காரர்களிடம் கேட்டால் வாரியம் வில்லன். பணம் வருடக்கணக்கில் நிலுவை, நிறுத்தச் சொல்லி உத்தரவு, பிடித்தம் உயர்வு என்று பட்டியல் நீளும். பெரும்பகுதி உண்மை. ஆனால் வாரியத்தின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு படம் வருகிறது.

விவசாயத்துக்கு இலவச மின்சாரம். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இதில் ஒரு பகுதியை அரசு மானியம் ஈடுகட்டுகிறது, இன்னொரு பகுதியை உயர் அழுத்தத் தொழில் இணைப்புகளின் கூடுதல் கட்டணம் சுமக்கிறது. நன்றாகப் பணம் கட்டும் அந்த மில்தான் சொந்தக் காற்றாலைக்குப் போகிறது. அதோடு, ஜூலை இரவில் யாருக்கும் வேண்டாத யூனிட்டை வாரியத்திடம் போட்டுவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் சந்தை விலை ஏறியிருக்கும்போது திருப்பிக் கேட்கிறது. அந்த வித்தியாசத்தை 5 சதவீதப் பிடித்தம் ஈடு செய்யவே செய்யாது. பழைய மெஷின்கள் வேறு தூண்டல் ஜெனரேட்டர் வகை. தங்கள் காந்தப்புலத்துக்குத் தேவையான ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்தே இழுத்து, சீசனில் அந்தப் பகுதியின் மின்னழுத்தத்தைத் தடுமாற வைக்கும்.

ஆகவே பிடித்தம் ஏறியதும், 2018 மார்ச்சுக்குப் பின் வந்த புதிய காற்றாலைகளுக்குப் பேங்கிங் நின்றதும் வெறும் பிடிவாதம் இல்லை. நான் குறை சொல்வது வேறிடத்தில். மின்சாரத்தை வாங்குவதும், கம்பிக்குச் சொந்தக்காரராக இருப்பதும், எந்தக் காத்தாடி எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வதும் நடைமுறையில் ஒரே குடும்பம். 2010-இல் வாரியத்தைப் பகிர்மானத்துக்கும், உயரழுத்தப் பாதைகளைக் கவனிக்கும் மின்தொடரமைப்புக்கும் இரண்டு நிறுவனங்களாகப் பிரித்தும் அது மாறவில்லை. காற்று மின்சாரத்தை எப்போதும் முதலில் எடுக்க வேண்டும் என்று விதி சொல்லும். தொகுப்பின் பாதுகாப்புக்காக நிறுத்தினோம் என்று பதில் வரும். இதே கேள்வி சூரிய மின்சாரத்தில் வந்தபோது, 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பணக் காரணத்துக்காக நிறுத்தினால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது.

ஏலத்துக்குப் பிறகு

குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறவருக்கே ஒப்பந்தம் என்று 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசியக் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அதே வருட டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2.43. நுகர்வோருக்கு நல்ல செய்தி. ஆனால் ஏலத்தில் நிற்க நூற்றுக்கணக்கான மெகாவாட் வேண்டும், பெரிய நிதி வேண்டும். ஒன்றிரண்டு மெஷின் வைக்கும் மில்லோ, ஓர் ஊராட்சியோ அதில் நிற்க முடியாது. 2012 முதல் 2017 வரை தமிழ்நாட்டில் ஆயிரம் மெகாவாட்டுகூடக் கூடவில்லை. 2023-இல் காற்றாலைத் திறனில் குஜராத் முந்திவிட்டது. நல்ல காற்று உள்ள இடங்களையெல்லாம் 1990களின் குட்டி மெஷின்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம். அவற்றை இறக்கிப் பெரியதை ஏற்ற 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஒரு 2 மெகாவாட் மெஷினுக்கு இடம் விட ஏழெட்டு 250 கிலோவாட் மெஷின்கள் இறங்க வேண்டும். அவை ஏழெட்டு மில்களுடையவை: தனித்தனி நிலம், தனித்தனி சர்வீஸ் நம்பர், தனித்தனி பழைய பேங்கிங் உரிமை. பொறியியல் இதில் சின்ன வேலை.

ஓடந்துறை மெஷினும் இருபது வயதை எட்டுகிறது. 350 கிலோவாட்டில் புது மெஷின் இன்று சந்தையில் தேடினாலும் கிடைப்பது அரிது, மெகாவாட் அளவில் வாங்கினால் விலை பல கோடி. பல ஊராட்சிகள் சேர்ந்து, மில்கள் செய்வதுபோல், 26 சதவீதப் பங்கு எடுத்து வாங்குவது காகிதத்தில் இன்று முன்பைவிட எளிது. மத்திய அரசின் 2022 பசுமை மின்சார விதிகள், வாரியத்தின் கம்பி வழியாக வேறு உற்பத்தியாளரிடம் நேராக வாங்கும் திறந்த அணுகலுக்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்கு இறக்கின, சொந்த உபயோகத்துக்கு வரம்பே வைக்கவில்லை. ஒரே மின் கோட்டத்தில் இருக்கும் பல இணைப்புகளைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்று 2023-இல் திருத்தமும் வந்தது. குடிநீர் மோட்டாரும் தெருவிளக்குமாகச் சிதறிக் கிடக்கும் ஊராட்சி இணைப்புகளுக்கு இது அளந்து தைத்தது போன்ற விதி. ஆனால் அதே விதிகள் பேங்கிங்கை மாதக் கணக்காக வைக்கின்றன. ஜூலையில் சேர்ந்த யூனிட்டை அந்த மாதக் கணக்குக்குள்ளேயே தீர்த்தாக வேண்டும், தண்ணீர் மோட்டாரோ பங்குனி சித்திரையில்தான் அதிகம் ஓடுகிறது.